நாலாவது குரல்

வீட்டில் அவளைச் சொப்பனம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் வேறு. அது பள்ளிச் சான்றிதழுக்குள் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது, அதை எழுப்புவானேன்.

பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. எதிரில் யார் பேசினாலும் இவளுக்குக் கண் பாதி மூடிக்கொள்ளும். என்ன சொல்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, குரல் எங்கே ஏறுகிறது, எங்கே சறுக்குகிறது, எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது என்று அதன் பின்னாலேயே போய்விடுவாள். "மோட்டாரை நிறுத்துடி!" என்று அம்மா கத்துவாள். அந்தக் கத்தலின் கடைசியில் குரல் மேலே போய் ஒரு நொடி நின்றுவிட்டு இறங்குகிற அழகில் இவள் சொக்கிப்போய் நிற்பாள். மொட்டை மாடித் தொட்டி வழிந்து, தண்ணீர் படி படியாக இறங்கி வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கும். அப்புறம் சொப்பனம் என்று கூப்பிடாமல் வேறென்ன என்று கூப்பிடுவது?

இப்படிப்பட்டவள் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்கப் போனதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஆனால் அக்கம்பக்கம் சும்மா விடுமா!

"மொழியியலா? அப்போ எத்தனை மொழி தெரியும் உனக்கு?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டாள்.

"ரெண்டு அக்கா."

"ரெண்டுக்கா இத்தனை வருஷம் படிக்கிறே?"

அண்ணன் இன்னும் ஒருபடி மேலே. அவன் வேறொரு பெரிய நகரத்தில் கட்டடக் கம்பெனியில் இன்ஜினியர், எதையும் அளந்து பார்த்துத்தான் பேசுவான். "உலகத்தில எல்லாரும் பேசறாங்க. அதைப் போய் ஒருத்தி படிப்பாளா? மூச்சு விடறதுக்கு ஒரு பட்டம் குடுத்தா அதையும் வாங்கிக்கிட்டு வந்துடுவே நீ." வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். படிப்பு பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஒரு வாக்கியம் வாயிலிருந்து கிளம்பி இன்னொருவர் காதில் போய் இறங்குவதற்குள் எத்தனை நடக்கிறது என்று நினைத்தாலே அவளுக்குத் தலை லேசாகச் சுற்றும், இனிமையாகச் சுற்றும்.

அம்மாவுக்குப் பேருந்து நிலையத்தில் விசாரணை கவுண்டரில் வேலை. முப்பது வருஷமாகக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவன் வாயைத் திறப்பதற்குள் பதிலை எடுத்து நீட்டிவிடுவாள். பெட்டியைப் பார்ப்பாள், செருப்பைப் பார்ப்பாள், முகத்தில் இருக்கிற பதற்றத்தைப் பார்ப்பாள். "அம்மா, இந்த..." என்று ஆரம்பிக்கும்போதே "ஆறாவது நடைமேடை, இப்போ கிளம்பிடும், ஓடுங்க!" என்பாள். தொண்ணூறு சதவீதம் சரியாகவே இருக்கும். சும்மா சொல்லக்கூடாது, அது ஒரு வித்தைதான். தன் கவுண்டரில் வரிசை நின்றதே கிடையாது என்று அம்மாவுக்கு அப்படி ஒரு பெருமை. வேலைக்குக் கிளம்பும்போது அவள் கண்ணாடியில் இன்னொரு தடவை தலையைச் சரிசெய்துகொள்வதைப் பார்க்க வேண்டும்.

அப்பா பேருந்து ஓட்டுநராக இருந்தவர். கல்யாணத்துக்கு முன்னால், ஒருநாள் அந்தக் கவுண்டர் முன்னால் போய் நின்றார். "ஏங்க, உங்களுக்கு..." என்று ஆரம்பித்தார். "மூணாவது நடைமேடை!" என்று அம்மா வெட்டிவிட்டாள். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? மரியாதையாக மூணாவது நடைமேடைக்குப் போய் நின்றார். அம்மாவின் ஷிப்டு முடிகிறவரை நின்றார். அவள் வெளியே வந்து, "என்ன சார், இன்னும் பஸ் வரலையா?" என்று கேட்டபோதுதான், "நான் டிரைவருங்க. பஸ் எங்க நிக்கும்னு எனக்குத் தெரியாதா? உங்களுக்கு டீ குடிக்க வர்ற பழக்கம் உண்டான்னு கேட்க வந்தேன்" என்றார். வீட்டில் இந்தக் கதையைக் கேட்காத நாள் இல்லை. அம்மா எப்போது அவசரப்பட்டு வாயை விட்டாலும் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நடைமேடை மூணு" என்பார். அம்மா தலையணையைத் தூக்கி எறிவாள்.

போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை சோர்ந்துபோனது. "நல்லவேளை, பேச்சு போகலை" என்றார் டாக்டர். "ஆனா வர்றதுக்கு நேரம் எடுக்கும். அவசரப்படுத்தாதீங்க, காத்திருங்க." காத்திருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. முதல் வாரம் அவர் உதடு அசைந்தால் போதும், மூன்று பேரும் அவர் முகத்தையே பார்ப்பார்கள். அப்புறம் அடுப்பில் பால் பொங்கும், யாராவது போன் செய்வார்கள், வேலைக்கு நேரமாகும். கொஞ்சம் கொஞ்சமாக அம்மா அவருக்கும் சேர்த்துப் பேச ஆரம்பித்தாள். "அவருக்குச் சூடு ஆகாது." "அவருக்குத் தூக்கம் வந்துடுச்சு." பாசம்தான், வேறொன்றுமில்லை. கடைசியில், அப்பா பேசுவதில்லை என்பது, இந்த வீட்டில் மேற்குப் பக்கம் ஜன்னல் இல்லை என்பதுபோல எல்லாருக்கும் பழகிப்போனது.

இந்த நிலையில்தான் அண்ணன் வந்து பேச்சை எடுத்தான். அம்மாவையும் அப்பாவையும் தன் நகரத்துக்கே கூட்டிப்போய்விட வேண்டும். அங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. இந்த வீட்டைக் காலி செய்துவிடலாம், சொப்பனம் ஹாஸ்டலில் சேர்ந்துகொள்ளலாம், அம்மா வேலைக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட வேண்டியதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது எல்லாம் முடிவாயிற்று.

அந்தச் சாப்பாட்டை ஒரு கருவி கேட்டுக்கொண்டிருந்தது. இவளுக்கு வகுப்பில் கொடுத்திருந்த வேலை அது. வீட்டில் சாதாரணமாக நடக்கிற பேச்சை ஒரு மணி நேரம் பதிவு செய்ய வேண்டும். பிறகு அதை ஒரு மூச்சு, ஒரு இருமல் விடாமல், யார் பேச்சில் யார் குறுக்கே வந்தார்கள் என்பது உட்பட அப்படியே எழுத்தில் இறக்க வேண்டும். உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ரெக்கார்டரை வைத்தாள். கொஞ்ச நேரம் எல்லாரும் செய்தி வாசிக்கிற மாதிரி பேசினார்கள். அப்புறம் மறந்துவிட்டார்கள்.

பல்கலைக்கழகத்தில் ஒலிக்கூடம் என்று ஓர் அறை உண்டு. சுவரெல்லாம் கம்பளம் ஒட்டியிருக்கும். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் வெளியுலகம் அணைந்துவிடும், தன் இதயம் அடித்துக்கொள்வதே கேட்கும். சொப்பனத்துக்கு அதைவிடச் சொர்க்கம் வேறு இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். தட்டுகள் மிதந்து வந்தன, அம்மாவின் வளையல் மிதந்து வந்தது, அண்ணன் தண்ணீர் குடிக்கிற சத்தம் எங்கோ ஒரு குளத்தில் கல் விழுந்த மாதிரி கேட்டது. தன் வீடே தூக்கத்தில் தன்னிடம் பேசுவதுபோல இருந்தது. அந்த மயக்கத்திலேயே அவள் ஒரு வேலை செய்தாள். மின்விசிறி இரைச்சல் தொந்தரவாக இருக்கிறதே என்று, கம்ப்யூட்டரில் இரைச்சலை நீக்குகிற பொத்தானை அழுத்தினாள். பேச்சு பளிச்சென்று துலங்கியது. மூன்று குரல்கள். சந்தோஷமாக உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக எழுதினாள். மேலே குறிப்பில், 'அப்பா உடனிருந்தார், பேசவில்லை' என்று போட்டாள்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் பார்க்காமல், மூலப் பதிவை முதலிலிருந்து தானாகக் கேட்டு எழுத வேண்டும். அதற்கு 'இரண்டாவது காது' என்று பெயர். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். சொப்பனத்துக்கு இரண்டாவது காது அவளுடைய சிநேகிதி முணுமுணுப்பு. கேட்கிற ஒவ்வொரு சத்தத்தையும் தானும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தால்தான் அவளுக்கு எழுத வரும். அதனால் அந்தப் பெயர்.

வியாழக்கிழமை காலை முணுமுணுப்பு கேன்டீனில் இவளைப் பிடித்தாள்.

"ஏய், நீ மூணு பேர்னு எழுதியிருக்கே. எனக்கு நாலு பேர் கேக்குதே?"

"நாலாவது எங்க அப்பா. அவர் பேச மாட்டார்டி."

"பேச மாட்டாரா?" முணுமுணுப்பு டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "என்னடி சொல்றே? அவர் பேச ஆரம்பிச்சுக்கிட்டே இருக்காரே!"

சொப்பனம் டீயை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். ஒலிக்கூடத்துக்கு ஓடினாள். சுத்தம் செய்யாத பதிவை எடுத்தாள், மின்விசிறியும் இரைச்சலுமாக. கண்ணை மூடவில்லை இந்தத் தடவை.

இருந்தார். ஒரு மூச்சு உள்ளே போனது, உதடு பிரிகிற சின்னச் சத்தம் வந்தது, தொண்டையில் ஏதோ ஒன்று கிளம்பி மேலே வந்தது. அதற்குள் அம்மா, "அவருக்கு அங்க இருக்கிறதுதான்பா நல்லது." சத்தம் உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மூச்சு, மறுபடி உதடு. அண்ணன், "லாரிக்குச் சொல்லிட்டேன்மா." மறுபடி மூச்சு. இந்தத் தடவை குரலே லேசாக வந்துவிட்டது, அழுத்தமான ஒரு முனகல். அதன்மேல் ஏறி மிதித்துக்கொண்டு ஒரு பெண் குரல் சிரித்தபடி சொன்னது: "அப்பாவுக்கென்ன, எதுக்கும் சரின்னுதான் சொல்வார்."

அது அவள் குரல்.

மின்விசிறியோடு மின்விசிறியாக அப்பாவையும் அல்லவா துடைத்துப் போட்டிருக்கிறாள்! பிறந்ததிலிருந்து குரல்களின் பின்னாலேயே போனவள், பெற்றவருடைய குரலை இரைச்சல் என்று கழித்துவிட்டாள். கம்பளச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அவள் அழுதாள். அந்த அறையில் அழுதால் வெளியே கேட்காது, அது ஒரு வசதி.

அழுது முடித்ததும் படித்தது ஞாபகம் வந்தது. எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் சரி, ஒருத்தர் பேச்சை முடித்தால் அடுத்தவர் கண் மூடித் திறப்பதற்குள் ஆரம்பித்துவிடுகிறார். ஒரு முழு நொடி யாரும் பேசாமல் இருந்துவிட்டால் எல்லாருக்கும் இருப்புக்கொள்ளாது, யாராவது எதையாவது எடுத்து அந்த இடத்தில் போட்டு மூடிவிடுவார்கள். பரீட்சைக்காக உருப்போட்ட பாடம். அப்பாவுக்கு எத்தனை நொடி வேண்டும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். அம்மா கவுண்டரில் இருந்தாள். அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திரை காற்றில் உப்பி அவர் தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பிப்போனது.

"அப்பா, அங்க போறதைப் பத்தி உங்களுக்கு என்ன தோணுது?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அப்பப்பா, வாயை மூடிக்கொண்டிருப்பது அவ்வளவு லேசு என்றா நினைத்தீர்கள்! அவர் மூச்சை இழுத்தார், உதடு பிரிந்தது, ஒன்றும் வரவில்லை. நாக்கு நுனியில் பத்து வாக்கியம் இவளுக்குக் குதித்தது. கடித்துக்கொண்டாள். தெருவில் ஒரு சைக்கிள் போனது. திரை உப்பியது, அடங்கியது. நேரம் எங்கேயோ போய்ப் படுத்துக்கொண்டது. மேஜையில் வெயில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தான் விழித்திருக்கிறோமா என்றே சந்தேகம் வந்துவிட்டது. அப்போது அந்தக் குரல் வந்தது. கரகரப்பாக, ஆனால் அவர் குரலேதான்.

"அம்மா... வரட்டும்."

"அம்மாகிட்டயா பேசணும்?"

அவர் தலையை ஆட்டினார். "அவகிட்ட... கேக்கணும்."

அம்மா வந்தாள். வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள், அவருக்குக் கால் பிடித்துவிட்டபடி பேசினாள், விளக்கை அணைக்கிறவரை பேசினாள். அப்பா இரண்டு தடவை மூச்சை இழுத்ததைச் சொப்பனம் கேட்டாள். அம்மாவின் கையைப் பிடித்து, "கொஞ்சம் இரும்மா, அப்பா ஏதோ சொல்றார்" என்றாள். "என்னங்க? தண்ணியா? இதோ!" என்று அம்மா எழுந்து போய்விட்டாள். கவுண்டர் பழக்கம். வரிசையை நிற்க விடமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். மறுநாள் அம்மா அலுவலகத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும், அதற்கடுத்து சாமான் கட்ட வேண்டும். சொப்பனம் யோசித்தாள். அப்பாவுக்காகக் காத்திருங்கள் என்றால், ஆமாம் ஆமாம் என்பார்கள், அடுத்த நொடியே ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் இந்த வீட்டில் ஒரு சொல்லுக்கு மட்டும் எல்லாரும் நடுங்குவார்கள்.

"அம்மா, போன வாரம் பதிவு பண்ணது கெட்டுப்போச்சு. மறுபடி எடுக்கணும். இல்லைன்னா மார்க் போயிடும்."

"ஐயோ, மார்க் போயிடுமா!" அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு விதி. அப்பா மூச்சை இழுத்தார்னா, அவர் முடிக்கிறவரைக்கும் யாரும் பேசக் கூடாது."

"இதுக்கெல்லாமா மார்க் போடறாங்க?" என்றான் அண்ணன்.

"இதுக்குத்தான் போடறாங்க. நீ சும்மா உக்காரு."

உப்பு ஜாடி பக்கத்தில் ரெக்கார்டர் ஓட ஆரம்பித்தது. தட்டுகள் நிறைந்தன. அண்ணன் லாரியைப் பற்றிச் சொன்னான். அம்மா ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னாள். அப்பா மூச்சை இழுத்தார்.

சொப்பனம் கையைத் தூக்கினாள். மேஜை அடங்கியது.

உதடு பிரிந்தது. ஒன்றும் வரவில்லை. அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதில் தயாராக இருக்கிறது, கேள்விதான் இன்னும் வரவில்லை. உதட்டைக் கடித்தாள், தட்டை நகர்த்தினாள், கடைசியில் இரண்டு கையாலும் தன் வாயையே பொத்திக்கொண்டாள். அண்ணன் சிரிக்கப் பார்த்தான், பாதியில் அந்தச் சிரிப்பு எங்கோ போய்விட்டது. அப்பாவின் முகத்தை இத்தனை நேரம் சேர்ந்தாற்போல் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வெளியே யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். மின்விசிறி சுற்றியது.

"உன்..." என்றார் அப்பா. அம்மாவைத்தான் பார்த்தார். "உன்... கவுண்டரை..."

அண்ணன் வாயைத் திறந்தான். சொப்பனம் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"...விட்டுட்டு... நீ எப்படி... இருப்பே?"

ஒரு வருஷமாக அந்த மனுஷன் கேட்க முயன்றது இதுதானா என்று தெரியாது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு மணி நேரச் சாப்பாட்டில், லாரி முதல் ஆஸ்பத்திரி வரை எல்லாம் பேசினார்களே, அம்மாவிடம் இந்தக் கேள்வியை ஒருத்தராவது கேட்டார்களா? பெற்ற பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லையே! சொப்பனத்துக்கு முகம் சுட்டது.

"அதுக்கென்னங்க, உங்க உடம்பைவிடவா எனக்கு..." என்று அம்மா பழக்கதோஷத்தில் ஆரம்பித்தாள். நின்றுவிட்டாள்.

கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லியே பழகியவள் அவள். முழுசாக முடிந்த ஒரு கேள்விக்கு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி இல்லை, வரிசை இல்லை, பின்னால் யாரும் அவசரப்படுத்தவில்லை. கை மேஜைமேல் கிடந்தது. அவள் முகத்தில் ஏதோ கலங்கி, தெளிந்து, மறுபடி கலங்கியது.

"அம்மா, அங்க வந்தா நீங்க..." என்று அண்ணன் தொடங்கினான்.

இந்தத் தடவை கையைத் தூக்கியது சொப்பனம் இல்லை. அப்பா. நல்லபடியாக இருக்கிற இடது கையை மேஜைக்கு மேலே உயர்த்தி, மகனைப் பார்க்காமலேயே, சிக்னல் போட்ட மாதிரி நிறுத்திப் பிடித்தார். காத்திருப்பது என்றால் என்ன என்று அந்த வீட்டில் அவருக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? அந்தக் கை கீழே இறங்கவில்லை.

எல்லாரும் அம்மாவுக்காகக் காத்திருந்தார்கள்.

"எனக்குப் போக வேண்டாங்க" என்றாள் அம்மா. குரல் ரொம்பச் சின்னதாக வந்தது. "எனக்கு அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி உக்காரணும். சாயங்காலம் வந்து உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லணும். அதை விட்டுட்டா நான் யாரு? ஆனா உங்களுக்கு அங்க நல்லதாச்சேன்னு..." அழுதுவிட்டாள். அண்ணன் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். "சொல்லக் கூடாதாம்மா? நான் என்ன, வேண்டாம்னா கட்டியா தூக்கிக்கிட்டுப் போகப் போறேன்?" என்றான். லாரிக்காரனுக்குப் போன் செய்ய வெளியே போனவன் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான்.

அப்பா மறுபடி மூச்சை இழுத்தார்.

அம்மாவே கையைத் தூக்கிவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கண்ணைத் துடைக்காமல், அவர் வாயையே பார்த்தபடி உட்கார்ந்தாள். உதடு பிரிந்தது. திரை உப்பி அடங்கியது. மின்விசிறி ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அவசரமில்லை, வரட்டும்.

"நடைமேடை..." என்றார் அப்பா.

யாரும் குறுக்கே பேசவில்லை. அம்மாவுக்கு அடுத்த சொல் தெரியும். அந்த வீட்டில் எல்லாருக்குமே தெரியும். இருந்தாலும் அவர் அதைச் சொல்லி முடிக்கிறவரை அவள் காத்திருந்தாள்.